பிராட்வுர்ஸ்ட் வெடித்தால், கருகினால், உலர்ந்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

ஜெர்மனியில் வாழும் தமிழர்களில் பலருக்கும் பிராட்வுர்ஸ்ட் என்ற இறைச்சிச் சாசேஜ் முதலில் அறிமுகமாவது தெருவோரக் கடையில்தான். ரயில் நிலைய வாசலிலும், வாரச் சந்தையிலும், கால்பந்து மைதானத்துச் சுவரோரத்திலும், கரியடுப்பிலிருந்து எடுத்துப் பிளந்த ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் அந்தச் சாசேஜைக் கடித்ததும் தோல் மொறுக்கென்று உடைந்து சூடான சாறு நாக்கில் பரவும். அந்த ருசியை நினைத்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து வீட்டில் சுட்டால் பாதி வெடித்துப்போகிறது, சில கருகிப்போகின்றன, தப்பியவை சக்கையாக உலர்ந்து கிடக்கின்றன. துரிங்கியா மாநிலத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். புதிதாக வரும் மாணவர்களும் குடும்பங்களும் இதே குறைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டதால், அவற்றை அறிகுறி வாரியாக, காரணத்தோடும் திருத்தத்தோடும் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வோர் ஊரின் சாசேஜும் அந்தந்த ஊரின் நெருப்புக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நூர்ன்பெர்க் நகரத்துச் சாசேஜ் 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமும் 20 முதல் 25 கிராம் எடையும் மட்டுமே கொண்டது. ஆட்டுக்குடலில் அடைக்கப்பட்ட அந்தச் சிறிய உருப்படி, பீச் மரக்கட்டை எரியும் கடும் சூட்டில் சில நிமிடங்களில் வெந்துவிடும். துரிங்கியாவின் சாசேஜோ குறைந்தது 15 சென்டிமீட்டர் நீளமானது, பருமனானது, நீறு பூத்த மரக்கரியின் மேல் நிதானமாகப் புரள வேண்டியது. கோபுர்க் நகரத்தில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளச் சாசேஜைப் பைன் மரத்தின் காய்ந்த காய்களை எரித்துச் சுடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனில் கன்றிறைச்சியும் பாலும் சேர்ந்த வெண்ணிறச் சாசேஜுக்கு மென்மையான சூடே போதும். ஒன்றின் நெருப்பில் மற்றொன்றை வைப்பதுதான் வீட்டில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

கையிலிருப்பது பச்சையா, வேகவைத்ததா?

பிராட்வுர்ஸ்ட் என்ற பெயர் வறுத்தல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்ததாகவே ஜெர்மானியர்களில்கூடப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் முற்பகுதி, பொடியாகக் கொத்திய இறைச்சியைக் குறிக்கும் 'பிரேட்' என்ற பழஞ்சொல்லோடு உறவுடையது. ஆகவே பெயர் உள்ளே இருப்பதைச் சொல்கிறதே தவிர, எப்படிச் சமைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதைப் பொட்டலத்தின் மேல் தேட வேண்டும். 'ரோ' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பச்சை இறைச்சி. 'கெப்ரூட்' என்று எழுதியிருந்தால் தொழிற்சாலையிலேயே வெந்நீரிலோ நீராவியிலோ வேகவைத்தது. சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. கசாப்புக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றில் பச்சையும் உண்டு.

எழுத்து இல்லாவிட்டால் விரலே சொல்லிவிடும். பச்சைச் சாசேஜ் இளஞ்சிவப்பாக, பிசைந்த மாவு அடைத்த பை போலத் தொய்ந்து கிடக்கும். அழுத்தினால் குழி விழும். வேகவைத்தது சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் விறைப்பாக நிற்கும். பச்சையை வாங்கிய அன்றே சமைத்துவிடுவது நல்லது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு திருத்தமும் இந்த இரண்டில் எது என்று தெரிந்த பிறகே பயன்படும்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களும் இங்கேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நூர்ன்பெர்க் வகை பன்றி இறைச்சியில் செய்யப்படுவது. கோபுர்க் வகையில் மாட்டிறைச்சியோ கன்றிறைச்சியோ கட்டாயம் சேரும். கோழி சாசேஜ் என்று எழுதியிருப்பவற்றிலும் உறை பன்றிக் குடலாகவோ, உள்ளே சேர்த்த கொழுப்பு பன்றியுடையதாகவோ இருக்கலாம். ஆகவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் சேர்மானப் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும்.

அறிகுறி: தோல் வெடித்து உள்ளிருப்பது பிதுங்குகிறது

எல்லாரும் சொல்லும் முதல் குறை இதுதான். நின்று விளக்கவும் இதில் நிறைய இருக்கிறது. இறைச்சி விழுதில் நீர் உண்டு, கொழுப்பு உண்டு. சூடு ஏறும்போது கொழுப்பு இளகி விரியும், நீர் ஆவியாகத் தொடங்கும். அதே நேரத்தில் உறையாக இருக்கும் குடல், 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சுருங்கி இறுகும். உள்ளே இருப்பது விரிய, வெளியே இருப்பது சுருங்க, நடுவில் எங்கேயாவது கிழிந்துதான் ஆக வேண்டும். மெதுவாகச் சூடேறினால் உறை நெகிழ்ந்து இடம் கொடுக்கும். சட்டென்று ஏறினால் கொடுக்காது.

எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். நீளவாக்கில் ஒரே கோடாகப் பிளந்திருந்தால் நெருப்பின் சூடு மிகுதி என்று பொருள். உருளை வடிவான எந்தப் பொருளிலும் உள்ளழுத்தம் கூடினால், அதன் சுற்றளவை இழுக்கும் விசை நீளத்தை இழுக்கும் விசையைப் போல இரு மடங்காக இருக்கும். அதனால்தான் அளவுக்கு மீறிச் சூடான சாசேஜ் குறுக்கே அறுபடாமல் நெடுக்காகப் பிளக்கிறது. முனையில் மட்டும் பிதுங்கியிருந்தால் முனை முறுக்கு அவிழ்ந்திருக்கும், அல்லது அளவுக்கு மேல் அடைத்திருப்பார்கள். சிறுசிறு துளைகளைச் சுற்றிக் கிழிந்திருந்தால், முள்கரண்டியால் குத்தியிருக்கிறீர்கள்.

குத்துவது பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். இங்கே வந்த முதல் கோடையில், ஆவி வெளியேறினால் வெடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, ஆறு பச்சைச் சாசேஜ்களையும் நான்கைந்து இடங்களில் குத்திவிட்டு அடுப்பில் வைத்தேன். ஒவ்வொரு துளையிலிருந்தும் கொழுப்பு நூலாக வடிந்து கரியில் விழ, தீ குப்பென்று மேலெழுந்து எல்லாவற்றையும் கரிய புகையால் மூடியது. வெடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே சாறு என்று எதுவும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து முள்கரண்டி அடுப்பருகே வருவதில்லை. திருப்புவதற்கு இடுக்கி மட்டும்தான், அதுவும் நசுக்காமல் பிடிப்பதற்கு.

திருத்தம் இதுதான். சாசேஜைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் நெருப்பில் போடாமல், பத்து, பதினைந்து நிமிடம் வெளியே வைத்து அதன் கடும் குளிர்ச்சியைப் போக்குங்கள். பச்சையானால் அதற்கு மேல் வேண்டாம். நெருப்பைத் தணியுங்கள். பருமனான பச்சைச் சாசேஜைச் சமையலறை வாணலியில் வறுப்பதானால், முதலில் 70 முதல் 75 டிகிரி சூட்டில் இருக்கும் நீரில், கொதிக்க விடாமல், ஏறத்தாழ பத்து நிமிடம் மூழ்க வையுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு லேசாக நடுங்க வேண்டும், குமிழி விட்டுத் தளும்பக் கூடாது. பிறகு எடுத்து ஈரம் ஒற்றி, வாணலியில் நிறம் வரும் வரை புரட்டினால் போதும். துரிங்கியாவின் பழமைவாதிகள் இந்த வெந்நீர்க் குளியலை ஏற்கமாட்டார்கள். கரி நெருப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. மின்னடுப்பு மட்டுமே இருக்கும் வீட்டில் நான் இதையே பரிந்துரைப்பேன்.

வெட்டிவிட்டே சுடும் வகையும் ஒன்று உண்டு என்பதால் குழம்ப வேண்டாம். தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் கிடைக்கும் 'ரோட்டே வுர்ஸ்ட்' என்ற செந்நிறச் சாசேஜின் முனைகளைக் குறுக்குநெடுக்காகக் கீறி நெருப்பில் வைத்தால், அவை பூப்போல விரிந்து மொறுமொறுப்பாகும். அது ஏற்கெனவே வேகவைத்து இறுகியது. கீறினாலும் உள்ளிருப்பது வழியாது. பச்சைச் சாசேஜில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

அறிகுறி: வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

இது பெரும்பாலும் பச்சையான துரிங்கியா வகையைத் தழல் எரியும்போதே வைத்துவிடுவதால் நேர்வது. கரி கொளுத்திய பிறகு தழல் முழுதும் அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் படியும் வரை காத்திருக்க வேண்டும். நம் மொழியில் 'நீறு பூத்த நெருப்பு' என்று ஒரு தொடர் இருக்கிறதே, அந்த நிலைதான் இதற்குச் சரியான நிலை. அது வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பசியோடு நிற்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் பெரிய சோதனை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கரியை அடுப்பு முழுதும் சமமாகப் பரப்புவதில்லை. முக்கால் பகுதியில் பரப்பி, ஓர் ஓரத்தை வெறுமையாக விடுகிறார். கம்பித்தட்டுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து, மூன்று நான்கு நொடி தாங்கினால் தலையசைப்பார். உடனே கையை இழுக்க வேண்டியிருந்தால் தட்டை ஒரு படி உயர்த்துவார். சாசேஜ்களை நெருக்கமாக வரிசை கட்டி வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போவார். கடைசிச் சாசேஜைத் திருப்பியதும் மறுபடி முதலாவதற்கு வருவார். ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு சிவந்தால் அது வெறும் ஓரத்துக்கு நகரும். பக்கத்தில் ஒரு குப்பி பியர் எப்போதும் திறந்தே இருக்கும். அதன் வாயைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு அவ்வப்போது சாசேஜ்களின் மேல் தெளிப்பார். அது சுவைக்காக என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். முதன்மையான பயன், மேற்பரப்பின் சூட்டைத் தணித்து, எழும் தீயை அடக்கி, உள்ளே வேக நேரம் வாங்கிக் கொடுப்பது. பியரில் இருக்கும் சிறிதளவு சர்க்கரை பின்னர் நிறத்துக்கும் உதவுகிறது.

நேரக் கணக்கைப் பொறுத்தவரை, நூர்ன்பெர்க் வகைக்கு மொத்தம் ஐந்து முதல் எட்டு நிமிடம், பருமனான பச்சைச் சாசேஜுக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கரிக்குக் கரி, அடுப்புக்கு அடுப்பு இது மாறும். ஐயமாக இருந்தால் மெல்லிய முனையுள்ள வெப்பமானியை, கடைசிக் கட்டத்தில் மட்டும், முனை வழியாக நடுமையம் வரை செலுத்திப் பாருங்கள்: மையம் 70 டிகிரியைத் தொட்டு, அந்தச் சூட்டில் இரண்டு நிமிடமாவது நிலைக்க வேண்டும். பச்சைப் பன்றி இறைச்சியில் இதற்குக் குறைவாகச் சமரசம் செய்துகொள்வதற்கு இடமே இல்லை.

ஏற்கெனவே கருகியதை என்ன செய்வது? கருகிய தோலை உரித்துவிட்டு, சாசேஜை 120 டிகிரி சூட்டில் இருக்கும் அவன் அடுப்புக்குள் வைத்து மையம் வேகும் வரை விடுங்கள். தோல் போய்விட்டாலும் உள்ளே நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது

நல்ல பிராட்வுர்ஸ்ட் வெந்ததும் சாம்பல் வெண்மையாக மாற வேண்டும். சாதாரண உப்பு மட்டும் சேர்வதால், ஹாமிலும் சலாமியிலும் இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு தரும் நிலையான செந்நிறம் இதில் வருவதில்லை. ஆகவே நடுமையம் இளஞ்சிவப்பாகவும், தொட்டால் வழுவழுப்பாகவும், விழுது ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருந்தால் அது வேகவில்லை. மறுபடி நெருப்புக்குப் போக வேண்டும்.

அதே நேரத்தில், தோலை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு வளையம் தெரிந்து, நடுப்பகுதி வெளுத்து இறுகியிருந்தால் அஞ்ச வேண்டாம். கரியும் கட்டையும் எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் இறைச்சியின் நிறமியோடு பிணைந்து அந்த வளையத்தை உண்டாக்குகின்றன. நிறம் இப்படி இருபுறமும் ஏமாற்றும் என்பதால் வெப்பமானியின் எண்ணையே நம்ப வேண்டும். வெட்டு முழுதும் ஒரே சீராகச் செந்நிறமாக இருந்தால் நைட்ரைட் சேர்த்த வகையாக இருக்கலாம். சேர்மானப் பட்டியலில் 'நிட்ரிட்ப்யோக்கல்சால்ஸ்' என்ற நீண்ட சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகையவற்றைக் கடும் நெருப்பில் கருகச் சுட்டால் நைட்ரோசமீன் எனும் தீங்கான சேர்மங்கள் உருவாகக்கூடும்; மிதமான சூடு போதும்.

அறிகுறி: சாறே இல்லாமல் சக்கை போல் இருக்கிறது

குத்தியதால் வடிந்திருக்கலாம் என்பதை மேலே பார்த்தோம். அதைவிட அடிக்கடி நேர்வது, ஏற்கெனவே வேகவைத்த சாசேஜைப் பச்சை என்று எண்ணிப் பதினைந்து நிமிடம் நெருப்பில் விடுவது. 'கெப்ரூட்' வகைக்கு வேண்டியது இரண்டே: உள்ளே நன்றாகச் சூடேற வேண்டும், வெளியே நிறம் வர வேண்டும். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போனால் அது இரண்டாம் முறை வேகிறது; இறைச்சிப் புரதம் மேலும் இறுகித் தான் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகிறது.

கொழுப்புக் குறைந்தது என்று விளம்பரப்படுத்தும் வகைகளும் இப்படி உலரும். அவற்றை நான் குறை சொல்லவில்லை; ஆனால் கரி நெருப்பு அவற்றுக்கு உகந்ததன்று. மூடியிட்ட வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நீரோடு தொடங்கி, நீர் வற்றியதும் மூடியைத் திறந்து நிறம் ஏற்றினால் ஓரளவு காப்பாற்றலாம்.

அறிகுறி: தோல் ரப்பர் போல் இழுக்கிறது

உள்ளே வெந்துவிட்டது, சாறும் இருக்கிறது, ஆனால் கடிக்கும்போது தோல் தனியாகக் கழன்று வருகிறது என்றால், மேற்பரப்பு ஈரமாகவே இருந்திருக்கிறது. வாணலியை முழுநேரமும் மூடி வைத்தாலோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, பொட்டலத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு போட்டாலோ தோல் வேகும், ஆனால் காயாது. காயாத தோல் மொறுமொறுக்காது. தாளில் ஒற்றி உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இடையே விரலளவு இடம் விட்டு, கடைசி இரண்டு நிமிடம் சூட்டைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். ஆட்டுக்குடல் இயல்பாகவே மெல்லியது, பன்றிக்குடல் தடித்தது. நூர்ன்பெர்க் சாசேஜின் கடியைக் கோபுர்க் சாசேஜிடம் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

சாசேஜ் வில் போல் வளைகிறதே என்றும் சிலர் கேட்கிறார்கள். குடலுக்கே அந்த வளைவு இயற்கை, அது குறையன்று.

அறிகுறி: கம்பியில் ஒட்டிக்கொண்டு கிழிகிறது

கம்பித்தட்டு போதிய அளவு காயவில்லை, அல்லது முந்தைய சமையலின் கசடு அதில் இருக்கிறது. தட்டை நெருப்பின் மேல் நன்றாகக் காயவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, பிறகு பன்றிக்கொழுப்புத் தோலின் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து அதன்மேல் தடவுவது துரிங்கியாவின் பழக்கம். எண்ணெய் தோய்த்த துணியும் அதே வேலையைச் செய்யும். வைத்தவுடன் பிய்த்துத் திருப்ப முயலாதீர்கள். அடிப்பக்கம் இறுகி நிறம் பிடித்ததும் அதுவாகவே விட்டுக்கொடுக்கும்.

அறிகுறி: எவ்வளவு நேரம் வைத்தாலும் வெளுத்தே இருக்கிறது

சூடு போதவில்லை என்பது ஒரு காரணம். இறைச்சி பொன்னிறமாக மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும் வரை அது நீரின் கொதிநிலையான 100 டிகிரியிலேயே நின்றுவிடும். ஆகவே இங்கும் முதல் மருந்து உலர்த்துவதுதான்.

வாணலியில் வறுக்கும்போது எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். ஜெர்மானிய வீடுகளில் இதற்குப் பயன்படுத்தும் 'புட்டர்ஷ்மால்ஸ்' நம் வீட்டு நெய்யின் நெருங்கிய உறவு: வெண்ணெயிலிருந்து நீரையும் பால்சத்தையும் நீக்கியது, எளிதில் கருகாதது. பச்சை வெண்ணெய் கருகிக் கரும்புள்ளி வைக்கும். வீட்டில் நெய் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். மின்னடுப்பின் நடுத்தரச் சூட்டில் ஒரு மேசைக்கரண்டி நெய்யில் பொறுமையாகப் புரட்டினால் கரியடுப்பில்லாத வீட்டிலும் அருமையான நிறம் வரும்.

பால் இன்னொரு பழைய உத்தி. பவேரியாவில் உறையே இல்லாமல் செய்யும் 'வோல்வுர்ஸ்ட்' என்ற வெண்ணிற வகையை, பாலில் நனைத்தெடுத்துத்தான் வாணலியில் இடுவார்கள். பாலின் சர்க்கரையும் புரதமும் விரைவில் பொன்னிறமாகும். சாங்க்ட் காலன் வகையில் பால் உள்ளேயே இருப்பதால், அதற்கு இது தேவையில்லை. அது மிதமான நெருப்பிலேயே நிறம் பிடித்துவிடும். அதைத் துரிங்கியா வகைக்கான சூட்டில் வைத்தால் வெளுப்பு போய்க் கருப்பு வந்துவிடும்.

அறிகுறி: கசப்பும் கரிப்புகை நெடியும் தூக்கலாக இருக்கிறது

வடியும் கொழுப்பு தழலில் விழுந்து எரியும்போது எழும் கரும்புகை, தீங்கான சேர்மங்களையும் சுமந்துகொண்டு சாசேஜின் மேல் படிகிறது. கசப்பு அதன் அடையாளம். தீ எழும்போது உடனே ஓரத்துக்கு நகர்த்துங்கள். கரி கொளுத்தத் திரவ எரிபொருள் ஊற்றியிருந்தால், அதன் நெடி முற்றிலும் போகும் வரை எதையும் வைக்கக் கூடாது.

கோபுர்க் சந்தைச் சதுக்கத்தில் பைன் காய்ப் புகையின் மணத்தை அனுபவித்தவர்கள், காட்டில் பொறுக்கிய காய்களைத் தங்கள் அடுப்பில் போட்டுப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அங்கே பயன்படுவது நன்றாகக் காய்ந்து விரிந்த காய்கள்; ஈரப்பசையுள்ள மூடிய காய்களில் பிசின் மிகுந்திருப்பதால் புகை தாங்க முடியாத அளவுக்குக் கரிக்கும். அந்தச் சாசேஜின் மசாலாவைப் பாருங்கள்: உப்பு, மிளகு, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல், பிணைப்புக்குப் பச்சை முட்டை, அவ்வளவுதான். புகைக்கு இடம் விட்டு மசாலாவை அடக்கி வைத்திருக்கிறார்கள். பூண்டும், சீரகம் போன்ற தோற்றமுள்ள கேரவே விதையும், மரிக்கொழுந்துக்கு உறவு போல மணக்கும் மரு இலையும் சேர்ந்த துரிங்கியா சாசேஜைப் பைன் புகையில் வைத்தால் இரண்டு மணங்களும் சண்டையிடும்.

அந்த மரு இலையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பூக்காரர்கள் கதம்பத்தில் வைத்துத் தொடுக்கும் மருவும், ஜெர்மானியர்கள் 'மயோரான்' என்று சாசேஜில் சேர்க்கும் மூலிகையும் ஒரே செடிதான். நூர்ன்பெர்க் சாசேஜை முதல் முறை முகர்ந்தபோது கோயில் வாசல் ஏன் நினைவுக்கு வந்தது என்று எனக்குப் பிடிபட நாளாயிற்று.

அறிகுறி: வீட்டில் அரைத்துச் செய்தது மணல்மணலாக உதிர்கிறது, கொழுப்பு தனியாகப் பிரிகிறது

அரைக்கும்போதே பிழை நேர்ந்துவிட்டது; அடுப்பில் இதைத் திருத்த முடியாது. நைசான விழுது என்பது நீர், கொழுப்பு, புரதம் மூன்றும் கூடிய நுட்பமான கலவை. ஒரு கிலோ இறைச்சிக்கு 18 முதல் 20 கிராம் உப்புச் சேர்த்துப் பிசைந்தால்தான் தசைப்புரதம் கரைந்து வெளிவந்து பசை போல் பிணைக்கும். அரைக்கும் இயந்திரத்தின் உராய்வில் விழுது சூடேறினால், கொழுப்பு இளகிப் பிரிந்துவிடும். அதைத் தடுக்கவே தொழில்முறையில் பனிக்கட்டித் தூளைச் சேர்த்து, விழுதை 12 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கிறார்கள். வீட்டில் இறைச்சியையும் கொழுப்பையும் அரை உறைநிலைக்குக் குளிர்வித்து, இயந்திரத்தின் கத்தியையும் கிண்ணத்தையும் குளிர்பெட்டியில் வைத்து, சிறுசிறு அளவாக அரையுங்கள். பிசைந்த விழுதைக் கையில் ஒட்டிக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். முதல் முறை செய்பவர்களுக்கு, இவ்வளவு நுட்பம் கேட்காத, வட பவேரியாவின் பிராங்கோனியப் பகுதியின் கொரகொரப்பான வகையையே நான் சொல்வேன்.

பழுதானதை வீசிவிட வேண்டாம். உறையிலிருந்து பிதுக்கி எடுத்து வெங்காயத்தோடு கொத்துக்கறியாக வதக்கினால் நல்ல உணவு.

அறிகுறி: சமைத்தது சரியாக இருக்கிறது, ஆனாலும் அந்த ருசி வரவில்லை

இதற்குப் பெரும்பாலும் காரணம், சாசேஜின் துணையை மாற்றியிருப்பது. துரிங்கியாவில் மொறுமொறுப்பான சிறு ரொட்டியை நடுவே பிளந்து, நடுத்தரக் காரமுள்ள கடுகு விழுது தடவிக் கொடுப்பார்கள். இனிப்பான தக்காளி சாஸ் கேரவே மணத்தை அமுக்கிவிடும். இங்குள்ளவர்களுக்கு இந்தச் சாசேஜின் மேல் இருக்கும் பற்று சாதாரணமானதன்று; ஆர்ன்ஷ்டாட் நகரக் கன்னியர் மடத்தின் 1404ஆம் ஆண்டுக் கணக்கில் பிராட்வுர்ஸ்டுக்கான குடலுக்கு ஒரு குரோஷன் (அக்காலத்து நாணயம்) செலவழித்ததாக எழுதப்பட்டிருப்பதை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். நூர்ன்பெர்க்கில் 'டிரை இம் வெக்லா' என்று ஒரே ரொட்டிக்குள் மூன்றை வைப்பார்கள். உணவகத்தில் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற கணக்கில், புளித்த முட்டைக்கோசோடும் துருவிய குதிரைமுள்ளங்கியோடும் தட்டில் வரும். சாங்க்ட் காலனில் கடுகு கேட்டால் கடைக்காரர் முகம் மாறும்: கன்றிறைச்சியும் பாலும் ஜாதிபத்திரியும் சேர்ந்த அந்த மென்சுவைக்குக் கடுகு பகை என்பது அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து. வெறும் ரொட்டியோடு ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும்.

நூர்ன்பெர்க் சாசேஜும் துரிங்கியா சாசேஜும் 2003 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெற்றவை. நூர்ன்பெர்க் என்ற பெயரோடு விற்பது அந்த நகர எல்லைக்குள்ளேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் 'நூர்ன்பெர்க் பாணி' போன்ற சொற்களோடு விற்பதை வாங்கியிருந்தால், ருசி வேறுபடுவதற்கு உங்கள் கை காரணமாக இருக்காது.

அறிகுறி: வினிகரில் வேகவைத்தது விறைத்தோ கிழிந்தோ போகிறது

சுடாமலும் வறுக்காமலும் சமைக்கும் பிராங்கோனிய முறையை இங்கே பலர் அறிவதில்லை. 'சவுரே சிப்ஃபல்' அல்லது 'நீல முனைகள்' என்று பெயர். வினிகரில் வேகும்போது தோல் லேசாக நீலம் பாய்வதால் அந்தப் பெயர். வட்டவட்டமாக நறுக்கிய வெங்காயம் நிறைய, காரட், பே இலை, மிளகு, ஜூனிபர் காய்கள், தண்ணீரும் வினிகரும், விருப்பமானால் சிறிது வெள்ளைத் திராட்சை மது, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை ஆகியவற்றைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு அடுப்பைக் குறைத்துக் கொதிப்பு முழுதும் அடங்கிய பின்னரே பச்சைச் சாசேஜை இட வேண்டும். இதற்கு வேகவைத்த வகை உதவாது: பச்சையானால்தான் வினிகரின் புளிப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

கிழிந்தால் குழம்பு கொதித்திருக்கிறது. விறைத்தால் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது வினிகர் மிகுதியாகிப் புரதத்தை இறுக்கிவிட்டது. தண்ணீரின் அளவில் நான்கில் ஒரு பங்கு வினிகரோடு தொடங்கிச் சுவை பார்த்துக் கூட்டுங்கள். சிறிய வகைக்குப் பத்து நிமிடம், பருமனானதற்கு இருபது நிமிடம். ஆழமான தட்டில் சாசேஜை வைத்து, வெங்காயத்தோடு குழம்பை மேலே ஊற்றி, ரை ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவது வழக்கம்.